இருமலுக்கு வருமானம் இல்லை

செங்கோடன் இறந்து மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆன பிறகு, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சாயங்காலம் நான்கு மணிக்கு, ஊஞ்சக்காட்டுப் பெண்கள் தூக்குப்போசிகளில் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அவனுடைய இருமல் மட்டும் வீடு திரும்பியது. முதலில் குட்டையாக இரண்டு, பிறகு கல்தரையில் சங்கிலியை இழுத்த மாதிரி நெட்டையாக ஒன்று, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெருமூச்சு. தெருவில் போன ஏழெட்டுப் பெண்களும் அப்படியே நின்றார்கள். இது யாருடைய இருமல் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் அந்தத் தெரு கேட்டுப் பழகிய இருமல் அது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்துத் துளைத்து, துளைத்த பாறையின் மாவையெல்லாம் மூக்கால் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்ட நெஞ்சிலிருந்து வருவது. செங்கோடன் லீவுக்கு வந்திருக்கிறான் என்பதை ஊருக்குச் சொல்வதே அந்த இருமல்தான்.

நின்றவர்களில் பெருமாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். செங்கோடனின் மனைவி அத்தாயிக்கு எதிர்வீட்டுக்காரி, அறுபத்திரண்டு வயது, மனதில் வருவதை அப்படியே சொல்லிவிடுகிற பழக்கம்.

"அப்பொ அத்தாயிக்கு இனிமே பென்சன் வருமா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விதான் அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்த ஊரை ஆட்டி வைத்தது.

அத்தாயி அப்போது விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வயது. பிள்ளைகள் இல்லை. செங்கோடன் இறந்ததை அவள் கண்ணால் பார்க்கவில்லை. ஊரில் யாருமே பார்க்கவில்லை. ரிக் வண்டியின் மேனேஜர் வந்தார், வடக்கே ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொன்னார், குழாய் சரிந்து மேலே விழுந்ததாகவும் அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டதாகவும் வெயில் காலம் என்பதால் அங்கேயே எரித்துவிட்டதாகவும் சொன்னார், இந்தியில் அச்சடித்த ஒரு சான்றிதழையும் செங்கோடனின் தோள்துண்டையும் கொடுத்துவிட்டு டீ குடிக்காமல் போய்விட்டார். அந்தச் சான்றிதழில் அவளுக்குப் புரிந்தது தேதி மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு அத்தாயி பதினான்கு மாதம் நடந்தாள். கணவன் இல்லை என்பதற்கு ஒரு தாள், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு ஒரு தாள், மகன் இல்லை என்பதற்கு ஒரு தாள், நிலம் இல்லை என்பதற்கு ஒரு தாள் என்று, தன்னிடம் எதுவுமே இல்லை என்பதை ஒவ்வொன்றாக நிரூபித்து முடித்த பிறகுதான் விதவை உதவித்தொகை அவள் பேரில் வர ஆரம்பித்தது.

இருமல் மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான்கு மணிக்கு வரும், கால் மணி நேரம் இருக்கும், போய்விடும். சொசைட்டிச் செயலாளர் சின்னமுத்து கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இருமல் கேட்டதும் பால் அளக்க ஆரம்பித்தார். தறிக்கூடத்தில் அந்த இருமல் நேரத்துக்குத்தான் டீ வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அத்தாயி வீட்டைத் தாண்டும்போது மட்டும் மிதிவண்டி மணியை அடிக்காமல் போனார்கள், உள்ளே ஒருவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார் என்பதுபோல. கோயில் பூசாரி ஒரு தடவை திருநீறு கொண்டுவந்து வாசலில் தூவிப் பார்த்தார். இருமல் அதற்கும் இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று இருமியது, அவர் சுவரைப் பார்த்து "உடம்பைப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் பென்சன் விஷயம் அப்படி எளிதாகப் போகவில்லை. ஊஞ்சக்காட்டில் அறுபத்தேழு பேருக்கு ஏதாவதொரு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது, முதியோர், விதவை, கணவனால் கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி என்று. அந்த அறுபத்தேழு பேரில் பாதிப்பேருக்காவது வீட்டுக்குள் வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருந்தது. ஒருத்திக்குத் தம்பி பேரில் இரண்டு எருமை. ஒருவருக்குத் திருப்பூரில் இருந்து யாருக்கும் தெரியாமல் அரிசி வாங்கிப் போடும் மகன். கைவிட்டுப் போன கணவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோழிக்குழம்புக்கு வந்துவிட்டுப் போகும் வீடு ஒன்றும் இருந்தது. செத்துப்போனவன் இருமலே இப்படி நடுத்தெருவில் கேட்கிறதென்றால், உயிரோடு இருப்பவர்களுடைய சத்தம் எங்கே கேட்காமல் போகும் என்று எல்லோருக்கும் பயம் வந்தது. மோட்டார் சைக்கிள்கள் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பிரிட்ஜின் மேல் சேலையைப் போர்த்தி அதற்குப் பொட்டு வைத்து, சாமி பெட்டி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கணவன் வருவதை நிறுத்திக்கொண்டான். அவன் மனைவி யார் கண்ணிலும் படாமல் அழுதாள். ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேசும்போது பேச்சைவிடக் காதுதான் அதிகம் வேலை செய்தது.

இந்த நிலையில்தான், புரட்டாசி முடிவதற்குள், தாலுகா ஆபீசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசன் போனது.

அதை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. ஜெபஷீலா வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு வயது, இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வாசலில் நின்று பெட்டிசனைச் சத்தமாக வாசித்தாள், அப்படி வாசிக்க வேண்டுமென்பது விதியோ இல்லையோ, மறைத்து வைத்துக்கொண்டு விசாரிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. தெருவே கேட்டது.

"ஊஞ்சக்காடு அத்தாயி என்பவர் கணவர் இறந்துவிட்டதாகச் சொல்லி அரசு உதவித்தொகை பெறுகிறார். ஆனால் தினமும் மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டில் கணவர் செங்கோடனின் இருமல் கேட்கிறது. முதலில் குட்டையாக இரண்டு, பிறகு நெட்டையாக ஒன்று. நெட்டை இருமல் வரும்போது வலது கையால் இடது விலாவைப் பிடித்துக்கொள்வார். ஆகவே மேற்படி செங்கோடன் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் எங்கே இருக்கிறார், இறந்திருந்தால் எங்கே எப்படி இறந்தார் என்று அரசாங்கம் தீர விசாரிக்க வேண்டும். இப்படிக்கு, உண்மை விளம்பி."

வாசித்து முடித்தபோது எல்லாத் தலைகளும் பெருமாயி வீட்டுப் பக்கம் திரும்பின. பென்சன் பேச்சை முதலில் எடுத்தவள் அவள்தானே.

ஜெபஷீலா வீட்டைச் சோதித்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், பரணில் ஏறிப் பார்த்தாள், நெல் கொட்டி வைக்கும் குதிருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு ஆள் சட்டை இல்லை, ஒரு செருப்பு இல்லை, பீடிக்கட்டு இல்லை. நான்கு மணிக்கு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில் இருமல் எழுந்தது. அவள் அந்த இடத்தில் கையை வைத்தாள். காற்று சூடாக உள்ளங்கையில் பட்டது. இருமல் நிற்காமல் நீண்டுகொண்டே போனபோது, தான் விசாரணைக்கு வந்திருப்பதையே மறந்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க அவருக்கு" என்றாள்.

அத்தாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சொம்பில் தண்ணீர் குறையவில்லை. இருமல் மட்டும் கொஞ்சம் தணிந்தது.

அறிக்கைப் படிவத்தில் 'கணவர் உயிருடன் உள்ளாரா' என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டே இரண்டு கட்டங்கள் இருந்தன. ஜெபஷீலா இரண்டிலும் குறி போடாமல் ஓரத்தில் 'இருமல் உள்ளது' என்று எழுதி மேலே அனுப்பினாள். ஒரு வாரத்தில் தாசில்தாரிடமிருந்து உத்தரவு வந்தது: இருமல் யாருடையது என்று முடிவாகும் வரை உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது.

ஊர் அதற்காக அத்தாயி மேல் பரிதாபப்பட்டது, ஆனால் தள்ளி நின்று பரிதாபப்பட்டது. ஒரு பக்கம் செங்கோடன் சாகவே இல்லை, வடக்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான், குற்றவுணர்ச்சி தாங்காமல் இருமலை மட்டும் இங்கே அனுப்புகிறான் என்றார்கள். இன்னொரு பக்கம், இவளே யாரையோ கூட்டி வைத்துக்கொண்டு செங்கோடன் மாதிரி இருமச் சொல்லியிருக்கிறாள் என்றார்கள். முதல் பேச்சு அத்தாயி காதிலும் விழுந்தது. அவளுக்கு அது புதிதும் இல்லை. அவனோடு வேலை பார்த்த ஒருவன் குடித்துவிட்டு ஒருமுறை "அக்கா, அண்ணனைப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடியதை அவள் மறக்கவில்லை. நான்கு மணிக்கு வேலையை விட்டு வந்து, கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்து, இருமும் காற்றைப் பார்த்து அவள் கேட்பாள்: "எங்க இருக்கற? யாரு கூட இருக்கற? எங்கிட்டயாவது நெசத்தைச் சொல்லு." இருமல் இருமும். அவ்வளவுதான்.

பெருமாயியைத்தான் ஊர் மொத்தமாக ஒதுக்கி வைத்தது. சொசைட்டியில் அவளுடைய போசியைக் கடைசியாக அளந்தார்கள். உறைமோருக்கு யாரும் அவள் வாசலுக்குப் போகவில்லை. அவள் வருவதைப் பார்த்தால் கதவைச் சாத்தினார்கள், அடுத்து நம்மைப் பற்றி எழுதிவிடுவாள் என்று. பெருமாயிக்கு முதியோர் உதவித்தொகை. ஆதரவற்றவள் என்ற கணக்கில் வருவது. ஒரே மகன் தமிழரசு இருந்தான். அவனும் ரிக் வண்டியில்தான் போனான், ஆறு வருடத்துக்கு முன்னால், அடுத்த பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு. அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. இறந்தான் என்று சொல்லவும் ஒரு தாள் வரவில்லை.

"நா எழுதுல," என்று பெருமாயி ஒருநாள் சொசைட்டியில் கத்தினாள். "எனக்கு எழுதவே தெரியாது, கைநாட்டு நானு. அது தெரியாதா உங்குளுக்கு?"

"ஆளை வச்சு எழுதியிருப்பே," என்றார் சின்னமுத்து, பால் அளக்கும் லிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தாயியும் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் போசியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

கார்த்திகையில் தாசில்தாரே ஜீப்பில் வந்து இறங்கினார். ரத்தக்கொதிப்புக்காரர், மனைவியிடம்கூடச் சந்தேகப்பட்டுத்தான் காபி வாங்கிக் குடிப்பார் என்று ஆபீசில் பேச்சு. அத்தாயி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் ஜெபஷீலா நின்றாள், ஊர் சுற்றி நின்றது. அத்தாயி முன்னால் இருந்த சிக்கல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இது என் கணவன் இருமல் என்று சொன்னால் கணவன் உயிரோடு இருக்கிறான் என்று ஆகும், உதவித்தொகை போகும், இரண்டு வருடமாக வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள். இல்லை, இது அவர் இருமல் இல்லை என்று சொன்னால், விதவை வீட்டில் தினமும் இருமுகிற அந்த வேறு ஆண் யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்த பிறகு ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்பதற்காகவே தறிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள்.

நான்கு மணிக்கு இருமல் வந்தது. தாசில்தார் கால் மணி நேரமும் அசையாமல் கேட்டார்.

"இந்த இருமல் யாருது?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

எல்லோருக்கும் தெரியும், ஆனால் அறுபத்தேழு பேருக்கு அறுபத்தேழு பயம். ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று நழுவினார்.

"அத்தாயி, நீங்க சொல்லுங்க. இது உங்க வீட்டுக்காரர் இருமலா?"

"ஆமாங்க," என்றாள் அத்தாயி. "எங்கூட்டுக்காரரு இருமல்தானுங்க. பத்தொம்பது வருசம் இந்த இருமலுக்குப் பக்கத்துல படுத்து எந்திரிச்சவ நானு. இதுல எனக்குச் சந்தேகமே இல்லீங்க."

கூட்டத்தில் ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா அவர் உயிரோட இருக்கார்."

"அதைய நீங்கதாஞ் சொல்லோணும். செத்துப்போயிட்டாருன்னு பேப்பரைப் பாத்துப் பென்சன் குடுத்ததும் நீங்கதான், இருமலைக் கேட்டுப் பென்சனை நிறுத்துனதும் நீங்கதான். நா அவரு மொகத்தைக் கடைசியாப் பாத்தது பஸ் ஸ்டாண்டுலங்க. அவரு இருக்காரா இல்லியான்னு எங்கிட்டக் கேட்டா நா யாரைப் போயிக் கேக்கறது?"

தன்னைக் குற்றம் சொல்கிறாளா, ஏமாற்றுகிறாளா, உண்மையிலேயே கேட்கிறாளா என்று தாசில்தாருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று அவருக்கு நன்றாகத் தெரியும்: உயிரோடிருக்கும் ஒருவரின் மனைவிக்கு விதவைத் தொகை கொடுத்ததாகத் தணிக்கையில் வந்தால் அவருடைய ஓய்வூதியத்துக்கே ஆபத்து. அந்தப் பயத்தில் அவர் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினார், சான்றிதழில் இருந்த அந்த வட மாவட்டத்து ஆட்சியருக்கு, மேற்படி நபர் இறந்தது உண்மையா, எங்கே, எப்படி, யார் முன்னிலையில் என்று பத்தொன்பது கேள்விகள். பதில் வரவில்லை. நினைவூட்டல் எழுதினார். இன்னொரு நினைவூட்டல் எழுதினார். தன் வாழ்நாளில் ஒரு ஏழையைத் தேடி அவர் இவ்வளவு கடிதம் எழுதியதில்லை.

பங்குனியில் பதில் வந்தது. இந்தியில் ஆறு தாள், தமிழில் பெயர்த்து எட்டு தாள். ஜெபஷீலா அதை எடுத்துக்கொண்டு அத்தாயி வீட்டுக்குத் தனியாக வந்தாள், கதவைச் சாத்தச் சொன்னாள், தரையில் உட்கார்ந்து வாசித்தாள். இந்தத் தடவை சத்தமாக வாசிக்கவில்லை.

குழாய் எதுவும் சரியவில்லை. ரிக் வண்டி அடுத்த துளை போடும் பாயிண்டுக்குப் போக வேண்டியிருந்ததால், மூச்சுவிட முடியாமல் கிடந்த செங்கோடனை அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இருபத்து மூன்று நாள் அவன் அங்கே இருந்து, அங்கேயே இறந்திருக்கிறான். நோய், நுரையீரலில் கல்தூசி. உடன் இருப்பவர், யாரும் இல்லை. மனைவியின் பெயர் அத்தாயி, ஊர் ஊஞ்சக்காடு என்று நோயாளி சொன்னதை யாரோ இந்தி எழுத்தில் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள். வார்டு நர்சு ஒருத்தி ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள், அதையும் நகல் எடுத்து அனுப்பியிருந்தார்கள்: 'பார்வையாளர் நேரம் நான்கு மணி. மணி அடித்ததும் நோயாளி எழுந்து உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறார். இருமல் அதிகமாகிறது. படுக்கச் சொன்னால் கேட்பதில்லை.'

இன்னொருத்தி என்று யாரும் இல்லை.

ஜெபஷீலா தாள்களை மடித்து வைத்தாள். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அப்போது நான்கு மணி ஆனது. கட்டில் ஓரத்தில் இருமல் எழுந்தது, இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அத்தாயி எழுந்து போய், இத்தனை மாதம் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டவள், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சூடான காற்றுக்குப் பின்னால், முதுகு இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்து நீவினாள்.

"வந்துட்டனுங்க," என்றாள். "நேரமாயிருச்சு. இப்பத்தான் தெரிஞ்சுது. வந்துட்டன்."

இருமல் அன்றைக்குக் கால் மணி நேரம் இருக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் தணிந்து, பிறகு கட்டில் கயிறு யாரோ சாய்ந்து படுத்தது மாதிரி மெல்ல முனகியது. ஜெபஷீலா வெளியே வந்து வெகுநேரம் ஸ்கூட்டரை எடுக்காமல் நின்றாள்.

அவள் எழுதிய இறுதி அறிக்கை சின்னதுதான். 'கணவர் இறந்தது உறுதி செய்யப்பட்டது. மனுதாரர் வீட்டில் இருமல் ஒன்று தொடர்ந்து உள்ளது. இருமலுக்கு வருமானம் இல்லை. ஆகவே மனுதாரர் உதவித்தொகை பெறத் தகுதியானவர்.' தாசில்தார் அதை மூன்று தடவை படித்துவிட்டு, இதில் ஏதாவது சிக்கல் ஒளிந்திருக்கிறதா என்று தாளைத் திருப்பியும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரிக் வண்டி மேனேஜர் மேல் தொழிலாளர் துறையில் வழக்குப் போடவும் ஜெபஷீலாவே தாள் எழுதிக் கொடுத்தாள். அது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. இருமலும் வந்துகொண்டுதான் இருந்தது, மெலிதாக, சீக்கிரம் தணிந்துவிடுகிறதாக. சின்னமுத்து மறுபடி கடிகாரம் பார்க்கப் பழக வேண்டியிருந்தது.

பெருமாயி பக்கம் மட்டும் எதுவும் மாறவில்லை. அவளுடைய போசியை இன்னும் கடைசியாகத்தான் அளந்தார்கள்.

சித்திரை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கியிருந்த நேரத்தில், அத்தாயி தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். பெருமாயி முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெரிம்மா, அந்தப் பெட்டிசனை எழுதுனது நாந்தான்."

முறம் நிற்கவில்லை.

"எடது கையில எழுதி, சங்ககிரி போயித் தபாலு போட்டன். செத்துட்டாரான்னு தேடித் தாங்கன்னு ரெண்டு தடவை போலீசுக்குப் போனனுங்க. செத்ததுக்குச் சர்ட்டிபிகேட் இருக்கற ஆளை எப்படிம்மா தேடறதுன்னு சிரிச்சாங்க. கலெக்டரு ஆபீசுல மனு குடுத்தன், அதுவும் அப்படியே போச்சு. இருமலு வந்ததுக்கப்பறம் எனக்குப் பொறுக்கல. நம்ம கேட்டா ஒருத்தனும் தேட மாட்டான், நம்ம ஏமாத்தறம்னு சொன்னா இந்தியா பூராத் தேடுவான்னு தோணுச்சு. அதேமாதிரி தேடுனாங்க. ஆனா பழி உங்க மேல விழும்னு நா நெனைக்கல. விழுந்தப்பறமும் வாயைத் தெறக்கல. தெறந்தா விசாரணை நின்னுரும்னு பயந்துட்டன்."

"தெரியும்," என்றாள் பெருமாயி.

"தெரியுமா?"

"வெலாவைப் புடிச்சுக்குவாருன்னு அதுல இருந்துச்சல்ல. தெருவுல நின்னு கேக்கறவளுக்கு இருமலு கேக்கும், எந்த இருமலுக்கு எந்தக் கையி எங்க போகும்னு பக்கத்துல படுத்தவளுக்குத்தான தெரியும்? அந்தப் புள்ள படிச்சன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னா எவ நம்புவா?" பெருமாயி முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் சமாதானம் எதுவும் இல்லை. "கோவம் இருந்துச்சு புள்ள. இன்னும் இருக்குது. சொசைட்டியில நீ வாயை மூடிக்கிட்டு நின்னதை நா சாகற வரைக்கும் மறக்க மாட்டன். ஆனா நெசமாத் தேடறாங்களா, தேடுனா ஆளு கெடைக்குதான்னு பாக்கலாம்னு இருந்தன். அதான் பேசாம இருந்தன்."

அத்தாயி காலடியில் உட்கார்ந்து, "நாளைக்கே சொசைட்டியில எல்லார்த்துக்கும் முன்னால சொல்லிப்போடறன்" என்றாள்.

"அதைய அப்பறம் பாக்கலாம். இப்பச் சொன்னா நீ எழுதுனதுன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சுபோகும்." பெருமாயி எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் இருந்தன. நோட்டு புதிது, அட்டையின் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. எப்போது வாங்கி வைத்தாளோ. கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்மேல ஒண்ணு எழுது."

அத்தாயிக்கு முதலில் புரியவில்லை.

"மொட்டைப் பெட்டிசன் எழுது புள்ள. பெருமாயி ஆதரவில்லாதவன்னு பொய் சொல்லிப் பென்சன் வாங்கறா, அவ மவன் தமிழரசு நல்லாச் சம்பாரிச்சு மாசாமாசம் அனுப்பறான், ரகசியமா வந்து பாத்துட்டுப் போறான்னு எழுது. பெரிய தப்பா எழுது. சின்னதா எழுதுனா வர மாட்டாங்க."

"பென்சனை நிறுத்திருவாங்க பெரிம்மா. எனக்காச்சும் தறி இருக்குது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்தட்டும். உறைமோரு வேண்டாங்கறவங்க, கஞ்சியா ஊத்தப்போறாங்க? கெடக்கறன். எழுது."

அத்தாயி நோட்டைப் பிரித்தாள், பேனாவை இடது கைக்கு மாற்றினாள். ஊர், தாலுகா, பெறுநர் எல்லாம் எழுதினாள். பெருமாயி சொல்லச் சொல்ல, அவள் செய்யாத குற்றங்கள் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறின. பிறகு பெருமாயி கொஞ்சம் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எடது புருவத்துல தழும்பு இருக்கும்னு போடு. தொட்டில்ல இருந்து உழுந்தது. நல்ல ஒசரம், கொஞ்சம் கூன் போட்டு நடப்பான். சிரிச்சான்னா ரெண்டு கண்ணும் மூடிக்கும். சோத்துல மொளகாயைப் பொறுக்கி வட்டல் ஓரமா வரிசையா அடுக்கி வெச்சிருப்பான். அதையும் எழுது."

"பெட்டிசனுக்கு இதெல்லாம் எதுக்குங்க பெரிம்மா?"

"தேடிப் போறவிங்களுக்கு ஆளு அடையாளம் தெரிய வேண்டாமா," என்றாள் பெருமாயி.